டிக்கெட் காரைக்குடி வரை

காரைக்காலைத் தாண்டி எங்கே போய் ஊர்ப்பெயர் சொன்னாலும் எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது "காரைக்குடியா?" என்றுதான். இல்லை, காரைக்கால், நாகூருக்குப் பக்கத்தில், புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது, ஆனால் புதுச்சேரியிலிருந்து வெகு தூரம் என்று விளக்கி முடிப்பதற்குள் கேட்டவருக்கு ஆர்வம் போய்விடும். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் பலர் விளக்குவதை விட்டுவிட்டு, "ஆமாங்க, அந்தப் பக்கம்தான்" என்று சொல்லிவிடுவார்கள்.

காஜா நஜ்முதீனும் அதைத்தான் செய்தார். அவர் செய்த இடம்தான் தப்பு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் முகாமில், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஊரைக் கேட்டார். இவர் சொன்னார். அவர் காரைக்குடி என்று எழுதினார். தலைகீழாக இருந்தாலும் அந்த எழுத்து நஜ்முதீனுக்குத் தெரிந்தது. திருத்தச் சொன்னால் வரிசையை விட்டே வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டார். அன்று முதல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்த நாள்வரை, பட்டாளத்தின் கணக்கில் அவர் காரைக்குடிக்காரர்.

நான் எழுத நினைப்பது அவருடைய மனைவி சித்திக்கா மாமியைப் பற்றி. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறார். அவர் மகள் ஆஃப்ரின் என்னோடு பிளஸ் டூ படித்தவள். இதில் நான் நேரில் பார்க்காதவற்றை எல்லாம் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தெருவில் பாதிக்குப் பாதி சபுராளி வீடுகள். கடல் தாண்டிப் போய் சம்பாதிக்கிறவரை இங்கே சபுராளி என்போம். முன்பு மலேயா, சிங்கப்பூர், இப்போது துபாய், குவைத். சபுராளி ஊர் திரும்பினால் காரின் மேல் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு வருவார். பெட்டி பிரிக்கும் அன்று அந்த வீட்டில் கூட்டம் தாங்காது. சித்திக்கா மாமியின் அக்காமார் இருவரையும் சபுராளிகளுக்குத்தான் கொடுத்தார்கள். மாமிக்குப் பேசிய மாப்பிள்ளை பட்டாளம் என்றதும் உறவில் ஒரு பெரியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"சொல்தாவா? அப்ப பிரான்சுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாருன்னு சொல்லு!"

பிரெஞ்சுக்காரர்களின் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர்கள் குடும்பத்துக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். பட்டாளம் என்றாலே அந்தக் காலத்து ஆட்களுக்கு அதுதான் நினைவு.

"இல்ல மாமா, இந்திய மிலிட்டரி" என்றார்கள் வீட்டில்.

"ஓ, இந்திய மிலிட்டரியா..." என்று இழுத்தவர், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லையாம். இதைச் சொல்லிச் சொல்லி மாமி சிரிப்பார்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் மாமிக்காகப் பரிதாபப்பட்டார்கள். ஆனால் நடந்தது வேறு. அக்காமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கணவர் முகத்தைப் பார்த்தார்கள். மாமியோ ஜபல்பூர், ஜோத்பூர், தேஜ்பூர் என்று குடும்பக் குடியிருப்பு கிடைத்த இடமெல்லாம் கணவரோடு போனார். அடுப்பு மூட்டிய ஊர்களின் பெயரை மாமி சொல்வதைக் கேட்டால் ரயில்வே கால அட்டவணை படிப்பது போல இருக்கும். முதல் வருஷம் கடையில் கொத்தமல்லி வாங்கக்கூடக் கையைக் காட்டிப் பேசியவர், நாலாவது வருஷம் பக்கத்து வீட்டு பஞ்சாபிப் பெண்ணோடு குழாயடியில் இந்தியில் சண்டை போட்டு ஜெயித்தார். கணவர் பனிமலைப் பக்கம் போயிருந்தபோது குடியிருப்பில் தண்ணீர் வரவில்லை என்று அதிகாரியின் மனைவி நடத்திய கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவரும் இவர்தான். அந்தப் பனிமலையிலிருந்து நஜ்முதீன் திரும்பி வந்தபோது இடது காலில் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி போயிருந்தது. கடைசிவரை செருப்பு நழுவினால் அவருக்குத் தெரியாது. மாமிதான் பின்னால் எடுத்துக்கொண்டு ஓடுவார்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அவர் ஓய்வு பெற்று வந்தார். ஒரு கிடங்கில் காவல் மேற்பார்வை வேலை பார்த்தார். மாதம் பிறந்தால் வங்கியில் ஓய்வூதியம் விழும். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ அட்டை இருந்தது, கேன்டீன் அட்டை இருந்தது. நெடுங்காட்டில் நெல் விவசாயம் செய்யும் நீலமேகம் என்ற இன்னொரு முன்னாள் படைவீரர் அவருக்குச் சிநேகிதர் ஆனார். இரண்டு பேரும் வேறு வேறு படைப்பிரிவு. ஊர் வந்த பிறகுதான் பழக்கம். நீலமேகத்துக்கு ஒரு மனக்குறை உண்டு.

"தமிழ்நாட்டுல ஒரு எக்ஸ் சர்வீஸ்மேன் இருந்தா ஊரே அவனுக்கு மாமன் மச்சான். கேன்டீன்ல பாட்டில் வாங்கலாம்ல! இந்தப் பாழாப்போன காரைக்கால்ல தெருவுக்குத் தெரு கடை, அதுவும் சல்லிசு. நம்மள எவன் மதிக்கிறான் சொல்லுங்க?"

"எனக்கு அந்தக் கஷ்டமே இல்ல நீலமேகம். நான் கேன்டீன்ல வாங்குறது சோப்பும் பிஸ்கட்டும்தான். அதுக்கு உறவு கொண்டாடி எவனும் வரமாட்டான்" என்பார் நஜ்முதீன்.

ஓய்வு பெற்று வந்த புதிதில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிய அவர் ஒரு தடவை போனார். பணி விடுவிப்புப் புத்தகத்தில் காரைக்குடி என்று இருந்ததால், முதலில் ஊரைத் திருத்தி வரச் சொன்னார்கள். திரும்பி வந்து மாமியிடம், "நான் செட்டிநாட்டு ஆளாம். இன்னைக்குச் செட்டிநாட்டுக் கோழிக் குழம்பு வையி" என்றார். அதோடு சரி. ஓய்வூதியம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது, அதற்கு எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. மாமி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். "பாப்போம், பாப்போம்" என்றே பத்து வருஷம் ஓடியது.

இந்த வருஷம் பங்குனியில், விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

எங்கள் வழக்கப்படி, கணவரை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே போவதில்லை. நெருங்கிய ரத்த உறவு தவிர மற்ற ஆண்களின் முன்னால் வருவதில்லை. மாமி வெள்ளைப் புடவையில் உள்ளறையில் இருந்தார். யாராவது பேச வந்தால் பாதி சாத்திய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வரும். குடும்ப ஓய்வூதியத்துக்கு வங்கி மேலாளரே வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து, ஆஃப்ரின் கையில் தாளைக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதில் சிக்கல் ஒன்றும் வரவில்லை.

சிக்கல் பிளஸ் டூ முடிவு வந்த பிறகுதான் வந்தது. ஆஃப்ரின் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். அவளுக்கு விவசாயம் படிக்க ஆசை. வாப்பாவோடு நீலமேகம் வயலுக்குப் போய்ப் போய் வந்த ஆசை அது. காரைக்காலிலேயே இருக்கும் அரசு வேளாண் கல்லூரியில் பொதுப் பிரிவில் இடம் கிடைப்பது கடினம். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் கேட்டால் கிடைக்க வாய்ப்பு இருந்தது. அதற்கு நல அலுவலகத்தின் சான்றிதழ் வேண்டும். நீலமேகம் கேட்டுக்கொண்டு வருவதாகப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து கூடத்து நாற்காலியில் சோர்ந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அந்தக் காரைக்குடி மறுபடியும் வந்து நிக்குது."

நஜ்முதீன் பெயர் காரைக்காலில் பதிவாகவே இல்லை. ஆவணத்தில் இருக்கும் ஊர் வேறு. அவர்தான் இவர் என்று நல அலுவலருக்கு உறுதிப்பட வேண்டும். மனைவி நேரில் வந்து உறுதிமொழி கொடுக்க வேண்டும், அவரை நன்றாக அறிந்த முன்னாள் படைவீரர்கள் சாட்சி சொல்ல வேண்டும். விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தா முடிய ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

"பட்டாளத்து ஆவண ஆபீசுக்கே போன் போட்டுப் பாக்கலாமா அண்ணே?" என்றார் மாமி உள்ளே இருந்து.

"போட்டேன் தங்கச்சி. வயக்காட்டுக்கு வந்து இந்தியெல்லாம் மறந்துபோச்சு, அவன் வேகமா என்னமோ கேட்டான். நான் எல்லாத்துக்கும் ஆமாம்னு ஹாங்ஜி, ஹாங்ஜின்னேன். கடைசியில பாத்தா, 'அவர் உயிரோட இருக்காரா'ன்னு கேட்டிருக்கான். அதுக்கும் ஹாங்ஜின்னுட்டேன்."

அழுதுகொண்டிருந்த ஆஃப்ரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவிடுக்கு வழியாக வெள்ளைப் புடவை சுற்றிய கை ஒன்று நீண்டது. "போனைக் குடுங்க."

மாமி பேசினார். ஜபல்பூர்க் குழாயடி இந்தி அப்படியே இருந்தது. மறுமுனையில் இருந்தவர் முதலில் அவசரப்பட்டார், பிறகு மரியாதையாக பெஹன்ஜி என்றார், கடைசியில் பொறுமையாக விவரம் சொன்னார். அங்கே திருத்தம் செய்ய நாளாகும். ஆனால் காரைக்கால் அலுவலர் விசாரித்துத் திருப்திப்பட்டால், திருத்தத்துக்குக் கடிதம் எழுதிவிட்டு அவரே சான்றிதழ் கொடுக்கலாம். எப்படிச் சுற்றினாலும் மாமி நேரில் போக வேண்டும் என்பதில்தான் வந்து நின்றது.

மறுநாள் நஜ்முதீனின் அண்ணன் சேக் அலாவுதீன் வந்தார். முப்பது வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து கடைத்தெருவில் அத்தர் கடை வைத்திருப்பவர். தம்பி இறந்ததிலிருந்து இந்த வீட்டுக்குக் காய்கறி, மீன், பால் எதுவும் குறையாமல் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். கூட அவர் மனைவி சுல்தான் பீவி, மாமிக்கு லாத்தா, அதாவது அக்கா முறை. நீலமேகமும் இருந்தார். மூன்று பேரும் கூடத்தில், மாமி கதவுக்கு அந்தப் பக்கம்.

"நீலமேகம், நீங்க நல்ல மனசோட அலையிறீங்க. ஆனா எதுக்கு இந்த அலைச்சல்? தம்பி மவளுக்கு நான் செய்யமாட்டனா? திருச்சிப் பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல பேசிட்டேன். விவசாயமே படிக்கட்டும், யாரு வேணாங்குறா? பணத்தைக் கட்டுனா முடிஞ்சுது" என்றார் அலாவுதீன்.

"உங்களால முடியும் பாய். அது யாருக்குத் தெரியாது..."

"இல்லீங்க, கேளுங்க. கோட்டாவுல சேர்ந்த புள்ளன்னு நாளைக்குப் பேரு வரும். நம்ம வூட்டுல கவர்மெண்டுகிட்ட யாரும் கை நீட்டுனது இல்ல. ரேஷன் அரிசிகூட வாங்குனது கிடையாது."

"வாங்கியிருக்கோம் மச்சான்" என்றது உள்ளே இருந்து குரல். "லாத்தா கோழிக்குப் போடுறதுக்கு வாங்குவாங்க."

சுல்தான் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நீலமேகத்துக்குத் திடீரென்று இருமல் வந்தது. அலாவுதீன் கதவைப் பார்த்து முறைத்தார். ஆனால் முறைத்தது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

"விளையாட்டு இல்ல சித்திக்கா. மனுஷன் மவுத்தான பொறகு அவன் பேரைச் சொல்லிச் சலுகை கேக்கணுமா?"

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மாமி பேசினார். குரலை உயர்த்தவில்லை என்று ஆஃப்ரின் சொன்னாள்.

"மச்சான், நீங்க துபாய்லேருந்து வரும்போது பொட்டி கொண்டாந்தீங்க. எங்களுக்குத் துணி, லாத்தாவுக்கு நகை, புள்ளைங்களுக்கு முட்டாயி. தெருவே வந்து பாத்துச்சு. கை நீட்டி வாங்கிட்டு வந்தாருன்னு யாராச்சும் சொன்னாங்களா? சம்பாத்தியம்னுதானே சொன்னாங்க. இவங்களும் ஊரை விட்டுப் போய்த்தான் வேலை பாத்தாங்க. கால் வெரல் ரெண்டைப் பனியில குடுத்தாங்க. ஊருக்கு வரும்போது ஒரு இரும்புப் பொட்டியும் போர்வையும்தான் கையில இருந்துச்சு. இவங்க சம்பாத்தியத்துல ஒரு பங்கு இப்பத்தான் வந்து எறங்குது. எறக்கிக்க ஆள் இல்லன்னு அதைத் திருப்பி அனுப்பச் சொல்றீங்களா?"

அலாவுதீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எம்மவளை நீங்க படிக்க வைப்பீங்க. எனக்குத் தெரியும். ஆனா அவ வாப்பா படிக்க வச்சாருன்னு இருக்கணும்னு எனக்கு ஆசை."

"அது சரி" என்றார் சுல்தான் பீவி. "இத்தாவுல இருக்குறவ ஆபீஸ் படி ஏறுனா நாலு வூட்டு வாய்க்குத் தீனியாச்சே, அதுக்கு என்ன செய்யப்போறே?"

"தின்னட்டும் லாத்தா. பசியோட இருக்காங்க."

அலாவுதீன் எழுந்து வாசலுக்குப் போய்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் செய்தார். அவர் மறுப்பார் என்று நினைத்துத்தான் செய்திருக்க வேண்டும். போனை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஹஜ்ரத்தின் குரல் கூடத்தில் கேட்டது.

"தேவை இருந்தா பகல்ல போயிட்டு வரலாம் பாய். மார்க்கத்துல அதுக்கு இடம் இருக்கு. ராத்திரி தங்குறது சொந்த வூட்டுல இருக்கணும். புள்ளையோட படிப்பு தேவைதான், சந்தேகமே வேணாம். வேலை முடிஞ்சதும் நேரா வூட்டுக்கு வந்துடச் சொல்லுங்க. அப்படியே கடைத்தெருவையும் பாத்துட்டு வரலாம்னு யாராச்சும் கூடப் போறவங்க கெளப்பி விட்டுடாதீங்க."

கடைசி வார்த்தை தனக்குத்தான் என்று சுல்தான் பீவிக்குப் புரிந்தது. "நான் எங்கங்க கூடப் போறேன்னேன்?" என்றார். ஆனால் போகிற நாளன்று முதலில் வந்து நின்றவர் அவர்தான்.

ஆட்டோ சொல்லியிருந்தார்கள். வாசலில் வந்து நின்றது அலாவுதீனின் கார். "ஆட்டோவுல எல்லாம் வேணாம். நான் ஓட்டுறேன்" என்று மட்டும் சொன்னார். புர்கா அணிந்து மாமி வெளியே வந்தார். தெருவில் இரண்டு மூன்று ஜன்னல்கள் திறந்தன. நான் எங்கள் வாசலில் நின்று பார்த்தேன். மாமி எந்த ஜன்னலையும் பார்க்கவில்லை. தலை குனிந்தும் நடக்கவில்லை.

அலுவலகத்தில் நீலமேகம் காத்திருந்தார். அவரோடு பூவத்திலிருந்து வந்த செல்லக்கண்ணு. இவர் நஜ்முதீனோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவர். இருவரும் இஸ்திரி போட்ட சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். நீலமேகத்தின் மெடல் ஒன்று கோணலாக இருந்தது. மாமி ஆஃப்ரினிடம் காதில் சொல்ல, அவள் போய்ச் சரிசெய்தாள்.

நல அலுவலர் அன்பழகன் கேப்டனாக ஓய்வு பெற்றவர். மாமி உள்ளே வந்ததும் எழுந்து நின்று, அவர் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார். தாள்களை எல்லாம் பார்த்தார். நீலமேகம் பேசத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க அவருக்கு ரிடையர் ஆன பிறகுதானே பழக்கம்? கொஞ்சம் பொறுங்க." பிறகு மாமியைப் பார்த்தார். "அம்மா, ஒண்ணு கேக்கணும். கேக்கக் கஷ்டமா இருக்கு. ஆனா கேக்காம நான் கையெழுத்துப் போட முடியாது. புத்தகத்துல ஊர் காரைக்குடி. வருஷக்கணக்கா லீவுக்குப் போன இலவச ரயில் வாரண்ட் டிக்கெட் எல்லாம் காரைக்குடிக்குத்தான் கொடுத்திருப்பாங்க. காரைக்குடியில அவருக்கு வேற ஒரு குடும்பம்..."

அலாவுதீனின் நாற்காலி பின்னால் தள்ளப்பட்ட சத்தம் கேட்டது. "யாரைப் பாத்து என்ன பேசுறீங்க? செத்த மனுஷன் சார் அவன்! வா சித்திக்கா, போவலாம். இதுக்குத்தான் நான் வேணாம்னேன்."

இங்கே எழுந்து போய்விட்டால் சீட்டு போனதுதான் என்று ஆஃப்ரினுக்குத் தெரியும். மாமி நாற்காலியை விட்டு அசையவில்லை.

"உக்காருங்க மச்சான். சார் கேக்கணும். நாளைக்கு ஒருத்தி காரைக்குடியிலேருந்து புள்ளையோட வந்து நின்னா, அவளுக்கும் பதில் சொல்றவரு இவருதானே?" என்றவர் அலுவலர் பக்கம் திரும்பினார். "சார், எங்களுக்கு நிக்காஹ் ஆன பொறகு இவங்க தனியா லீவுக்கு வந்தது ரொம்பக் கொறைச்சல். நான் குவார்ட்டர்ஸ்ல கூட இருந்தேன். லீவுன்னா ஒண்ணாத்தான் ரயில் ஏறுவோம். டிக்கெட் காரைக்குடி வரைக்கும் இருக்கும். நாங்க மாயவரத்துல எறங்கி பஸ் புடிச்சு வந்துடுவோம். அந்தக் காலத்துல காரைக்காலுக்கு ரயில் ஏது? எங்கிட்ட டிக்கெட் இருந்தும் நான் இன்னை வரைக்கும் காரைக்குடியைக் கண்ணால பாத்தது கெடையாது."

"நீங்க கூட வராத லீவுல?" என்றார் அலுவலர்.

"அதுக்கு நான் இருக்கேன் சார்!" என்று செல்லக்கண்ணு எழுந்தார். எழுந்தவர் பழக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டார். "கல்யாணத்துக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி, அவன் தனியா வந்தா என்கூடத்தான் வருவான். எனக்கும் மாயவரம்தான் சார் எறங்குற எடம். ஒரு தடவ டிடிஆர் புடிச்சிக்கிட்டாரு. 'டிக்கெட் காரைக்குடிக்கு இருக்கு, இங்க ஏன்யா எறங்குற? ஓடிப்போற ஆளா நீ?'ன்னு. வண்டி வேற கெளம்பப் போவுது. இவன் பொட்டியைத் தலையில வச்சிக்கிட்டே சொல்றான், 'சார், மாயவரத்துக்கு அப்புறம் உள்ள தூரத்தை அரசாங்கத்துக்கே விட்டுக் குடுத்துட்டேன், என் எடத்துல நீங்களே கால நீட்டிப் படுத்துக்குங்க'ன்னு! அதுக்கப்புறம் அந்த டிடிஆர் எங்களை எப்பப் பாத்தாலும், 'என்ன காரைக்குடி, இந்தத் தடவயாச்சும் ஊரு வரைக்கும் வர்றியா'ம்பாரு."

முதலில் சிரித்தது நீலமேகம். அடுத்தது அலுவலர். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமாக நின்றிருந்த அலாவுதீன், தம்பியின் குரலையே கேட்டுவிட்டவர் போல மெல்ல உட்கார்ந்தார். மாமியின் முகம் திரைக்குள் இருந்தது. தோள்கள் மட்டும் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை என்றாள் ஆஃப்ரின்.

செல்லக்கண்ணு சொன்னதை அலுவலர் எழுத வைத்துக் கையெழுத்து வாங்கினார். மாமியின் உறுதிமொழியையும் வாங்கினார். எல்லாம் முடிந்த பிறகு, "சான்றிதழ் நாளைக்குத் தயாராயிடும். ஆனா ஒண்ணு சொல்லிடணும் அம்மா. இந்த ஒதுக்கீட்டுல வரிசை இருக்கு. போர்ல இறந்தவங்க பிள்ளைங்க, உடம்பு ஊனமானவங்க பிள்ளைங்க முதல்ல. உங்க பொண்ணு அவங்களுக்குப் பின்னாடிதான் வரும். இடம் நிச்சயம்னு நான் சொல்லமாட்டேன்" என்றார்.

"அது முறைதானே சார். அவங்களுக்கு முன்னாடி போய் நிக்க, உசுரோட இருந்திருந்தா இவங்களே சம்மதிச்சிருக்க மாட்டாங்க" என்றார் மாமி.

கிளம்பும்போது அலுவலர் மறுபடி எழுந்து நின்றார். பென்ஷன் விதி ஒன்றைப் பற்றி அவர் சொல்ல, மாமி இரண்டு கேள்வி கேட்க, பேச்சு நீண்டது. விழிதியூரில் ஞானசௌந்தரி என்று ஒரு பெண் இருக்கிறாள், கணவர் பட்டாளத்தில் இருந்து இறந்தவர், அவளும் எங்கும் பதியவில்லை என்று மாமி விசாரித்தார். இத்தா முடிந்ததும் அவளை அழைத்துவருவதாகவும் சொன்னார். "ஹஜ்ரத் நேரா வூட்டுக்கு வரச் சொன்னாரு" என்று சுல்தான் பீவி ஞாபகப்படுத்திய பிறகுதான் எழுந்தார்.

ஒதுக்கீட்டின் முதல் பட்டியலில் ஆஃப்ரின் பெயர் இல்லை. அந்த வாரம் முழுவதும் அவள் வாசல் பக்கமே வரவில்லை. இரண்டாவது பட்டியலில் வந்தது. அவளுக்கு மேலே இருந்த ஒருவர் வேறு படிப்புக்குப் போய்விட்டாராம்.

கல்லூரியில் சேர்க்கை நாளிலும் மாமியின் இத்தா முடியவில்லை. இதற்கு வேறு யாரும் போகலாம் என்பதால் மாமி வீட்டிலேயே இருந்துவிட்டார். பெரிய வாப்பா அலாவுதீன்தான் ஆஃப்ரினை அழைத்துக்கொண்டு போனார். அன்று மத்தியானம் நானும் மாமி வீட்டில்தான் இருந்தேன். மாமி சோறு சாப்பிடவில்லை. மின்விசிறியின் கீழே உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். கார் சத்தம் கேட்டதும் ஆஃப்ரின் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள்.

"உம்மா, சேந்தாச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ். என்ன கேட்டாங்க? எல்லாத்தையும் சொல்லு."

"ஒரு பெரிய ஹால் உம்மா. முந்நூறு பேரு இருப்பாங்க. அப்பா அம்மாவோட எல்லாரும் உக்காந்திருக்காங்க. ஒருத்தர் மைக்குல பேரு வாசிக்கல, பிரிவு பிரிவாக் கூப்புடுறாரு. பெரிய வாப்பா பேசவே இல்ல, முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்கு ஒரே பயம், எங்க கோவிச்சிக்கிட்டு எழுந்து போயிடுவாங்களோன்னு. அப்பறம் மைக்குல 'எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டா, யாரு வந்திருக்கீங்க?'ன்னாரு. நான் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே பெரிய வாப்பா எழுந்திரிச்சிட்டாங்க உம்மா."

"எழுந்திரிச்சு?"

"எழுந்திரிச்சு, ஹால் முழுக்கக் கேக்குற மாதிரி, 'நாங்கதான்! ஹவில்தார் காஜா நஜ்முதீன் வூடு!'ன்னாங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவங்க ஒக்காரவே இல்ல. அப்படியே முன்னாடி நடந்து போனாங்க, நான்தான் பின்னாடி ஓடுனேன்."

வாசலில் அலாவுதீன் யாரிடமோ போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது. "ஆமா, கவர்மெண்டு காலேஜ்தான். மிலிட்டரி கோட்டா. தம்பி சம்பாத்தியம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமி மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அவங்க எழுந்திரிச்சாங்கன்னியே, அந்த எடத்தை மட்டும் இன்னொரு தடவ சொல்லு" என்றார்.